முப்பத்தெட்டு அடுக்கு

என் மாமனாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "நல்லதா எதையும் சேர்த்துடாதம்மா." சேர்த்தால் கண்டுபிடித்துவிடுவார். நாற்பது வருடம் துணி வெட்டியவர். ஒட்டுப் போட்ட இடம் எது என்று விரலால் தடவியே சொல்வார். ஆகவே இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன். இதில் என் பங்குக்கும் கொஞ்சம் அசிங்கம் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

அவர் ஒரு தையல் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நீளமான மேசை ஒன்றின் மேல் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கை, காலர், முன்பக்கம், பின்பக்கம் என்று கோடு வரைந்த ஒரு தாள் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் மின்கத்தியை ஓட்டினால் ஒரே வெட்டில் ஐம்பது சட்டைக்கான துண்டுகள் வந்துவிடும். தையலில் தப்பு நடந்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டில் தப்பு நடந்தால் நடந்ததுதான். அதனால் மாஸ்டர் என்றால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. அவருக்கும் தன்மேல் ஒரு பயம் இருந்தது.

வீட்டிலும் அதே கண்தான். மேசை விரிப்பு அரை விரல் கோணலாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் மடித்து வைத்த போர்வையை ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து, மறுபடி மடித்து வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை அவரே வந்தார். "நேத்து உன் போர்வையைப் பிரிச்சேன்ல, அது என் பெருமைம்மா. மன்னிச்சுக்க." போர்வைக்கெல்லாமா ஒருவர் மன்னிப்புக் கேட்பார்?

கேட்பார். தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அலுவலகப் பேனா ஒன்று தெரியாமல் சட்டைப் பையில் வந்துவிட்டது என்று இரண்டு பேருந்து மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் குடை வாங்கியதைப் பார்த்து மனம் ஒரு நொடி அலைந்தது என்று அவரிடமே போய்ச் சொன்னார். அந்த மனிதர் பயந்துபோய்க் குடையையே நீட்டினார். நாங்கள் சிரித்தோம். கூடவே, இப்படி ஒருவர் வீட்டில் இருக்கிறாரே என்று கொஞ்சம் பெருமையும் பட்டோம்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஆண்டவர் நினைவாக அப்பமும் கிண்ணமும் வரிசை வரிசையாக வரும்; மனதில் தப்பை வைத்துக்கொண்டு யாரும் அதைத் தொடக் கூடாது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை நடக்கும். பாட்டு, பிரசங்கம் எதுவும் கிடையாது. சபைப் பெரியவர்களான மூப்பர்களில் ஒருவர் முன்னால் நின்று பதினான்கு கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். யார்மேலாவது கசப்பு வைத்திருக்கிறேனா, யாரையாவது பேச்சால் கொன்றேனா, இப்படி. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவரவர் தன் மனதுக்குள் இறங்கிப் பார்க்கக் கொஞ்ச நேரம் அமைதி. அந்தக் கேள்விகளைப் பதினைந்து வருடமாக வாசித்தவர் என் மாமனார்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பொறுமையும் குறைவு. ஆழமாக என்னைச் சோதிப்பதற்குப் பதிலாக அந்த அமைதிகளை மூச்சுக் கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பேன். மாமா எல்லாவற்றிலும் அளவுக்காரர் அல்லவா, ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகப் பத்து மூச்சு விடுவார். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் இரண்டே மூச்சு. "என் கைவேலையில் நான் செய்த பிழையால் வேறொருவர் துன்பப்பட்டாரா?" என்று வாசிப்பார். அடுத்த கணமே பத்தாவதுக்குப் போய்விடுவார். மாதா மாதம் இதே கதைதான். அந்த இடத்தில் அவருக்குத் தொண்டை கட்டுகிறதோ என்று நினைத்தேன். கேட்கவும் தோன்றவில்லை.

ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எழுந்து நின்று சாட்சி சொல்லும் நாள்களிலும் ஒரு வாடிக்கை வைத்திருந்தார். கண் கலங்க, "என் தப்புக்கு இன்னொருத்தர் பழி சுமந்தாங்க. அந்த அன்பை நினைச்சா எனக்குப் பேச்சு வரல," என்பார். ஆண்டவரைத்தான் சொல்கிறார் என்று சபை முழுக்க 'ஆமென்' சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்காவும் சொல்லியிருக்கிறார்.

அந்த அக்கா என் கணவருக்கு அத்தை. நானும் அத்தை என்றே கூப்பிட்டேன். அத்தை ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அதன் பின்பக்கத்து ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கணவர் போய்ப் பல வருடம், பிள்ளைகள் கிடையாது. அவருக்கு ஒரு பழக்கம். எதைச் செய்தாலும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "ஒரு தரம் பாரு," என்பார். கதவைப் பூட்டுவார், "ஒரு தரம் பாரு." அடுப்பை அணைப்பார், "ஒரு தரம் பாரு." முகவரி எழுதினாலும் தேநீரில் சர்க்கரை போட்டாலும் அதே பாட்டுத்தான். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூடத் தானாகத் தைத்துக்கொள்ள மாட்டார். ஊசியைக் கையில் எடுக்கவே மாட்டார். "என் கையை நம்ப முடியாது," என்பார்.

அவருக்கு 'ஒருதரம்பாரு' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். குடும்பத்தில் நாலு பேர் கூடிவிட்டால் அத்தை மாதிரி கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி நடித்துக் காட்டுவேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மாமா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அக்காவைக் கிண்டல் செய்வது பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் நிறுத்தியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஆராதனை முடிந்து வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். அத்தைக்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் சரியில்லை, இனி நாள்களைத் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, அந்த ஒம்பதாவது கேள்விக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் குடேன். நீ கடகடன்னு போயிடுற. எனக்குப் பத்தல."

"உனக்கு அதுல என்னக்கா இருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குற. அந்த வெல்வெட்டுதான். எத்தனை வருஷம் கேட்டாலும் மனசு ஆற மாட்டேங்குது. என் கவனக்குறைவால எவ்வளவு துணி பாழாப் போச்சு. உன் பேரும் கெட்டுச்சு. அதை ஆண்டவர்கிட்ட சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ பத்தாவதுக்குப் போயிடுற."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பைப் போட்டும் போடாமலும் நடந்தார். மறுநாள் திருவிருந்தில் அவர் கை நீட்டவில்லை. அப்பமும் கிண்ணமும் அவரைத் தாண்டிப் போயின. சபையில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கேள்வி வாசிக்க முடியாது என்று போதகரிடம் சொல்லிவிட்டார். அந்த மாதமும் கிண்ணம் அவரைத் தாண்டியே போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மதியம் வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாமா விஷயம்? சபையில ஆளுக்கொரு கதை கட்டுறாங்க."

நெடுநேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சுருக்கித் தருகிறேன்.

அப்போதைக்குப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அத்தையும் அதே தொழிற்சாலையில் இருந்தார். துணி விரிப்பதுதான் வேலை. அந்தக் கூடத்தில் அத்தையைவிடச் சுத்தமாக விரிக்கிறவர் இல்லை. இசைக்குழு ஒன்றுக்கு அரக்கு நிற வெல்வெட் கோட்டுகள் தைக்க வேண்டியிருந்தது. வெல்வெட் மற்றத் துணி மாதிரி அல்ல. அதற்கு முடி உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும். முடி மேல்நோக்கி இருந்தால் நிறம் கருக்கும், கீழ்நோக்கி இருந்தால் வெளிறும். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்தே வெட்டப்பட வேண்டும். முப்பத்தெட்டு அடுக்கு. அத்தை விரித்தார், மாமா தாளைப் போட்டு வெட்டினார். தைத்து முடித்து மாட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம்.

தப்பு தாளில் இருந்தது. துணி மிச்சமாகட்டும் என்று இடப்பக்கத் துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பி வரைந்திருந்தார் மாமா. சாதாரணத் துணியில் எல்லோரும் செய்வதுதான். அந்த அவசரத்தில், இது வெல்வெட் என்பது கைக்கு மறந்துவிட்டது. கோட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. தொழிற்சாலை மேலாளருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுக்கைத் திருப்பி விரித்துவிட்டார்களா என்று கேட்டபடி கூடத்துக்கு வந்தார். அன்று அத்தையின் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து, "நான்தான் கவனமில்லாம விரிச்சிருப்பேன். மனசு இங்க இல்ல," என்று சொல்லிவிட்டார். "அப்படியா மாஸ்டர்?" என்று மேலாளர் திரும்பினார். மாமா பதில் சொல்லவில்லை. அந்த மாதம்தான் அவரை இரண்டு கூடங்களுக்கும் தலைமை மாஸ்டராக்கியிருந்தார்கள். அத்தையை அன்று மதியமே வெளியே அனுப்பிவிட்டார்கள். கோட்டுகளை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியும்னுதான்ம்மா நினைச்சேன்," என்றார் மாமா. "தெரிஞ்சேதான் எனக்காக ஏத்துக்கிட்டா, மன்னிச்சும் விட்டுட்டான்னு நினைச்சேன். அவ ஒரு நாளும் அதைப் பத்திப் பேசல. பேசாதது அவ பெருந்தன்மைன்னு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தேன். நான் ஜெபத்துல அழுது, மனசு லேசாகி எந்திரிச்சு வருவேன். அவ மூணு வரிசை தள்ளி, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா."

நான் கழுத்தை நீட்டி நடித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"போய்ச் சொல்லுங்க மாமா."

"உடம்பு இருக்கிற இருப்புல இதைச் சொன்னா அவ தாங்குவாளா?"

"அவங்க தாங்குறது இருக்கட்டும். நீங்க தாங்குவீங்களான்னுதான் யோசிக்கிறீங்க."

மருமகள் பேசக்கூடிய பேச்சு அல்ல. ஆனால் அவர் கோபப்படவில்லை. "ஆமா," என்றார். "குடைக்கு ஓடினேன், பேனாவுக்கு ஓடினேன். இதுக்கு மட்டும் கால் வரல. ஒரு பெரிய அறையைப் பூட்டி வச்சிட்டு, வாசப்படியையே தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு இருந்திருக்கேன்ம்மா."

அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு நாளும் சட்டையை மாட்டுவார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்துவிடுவார். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன், வாங்க," என்று முன்னால் நடந்தேன்.

அத்தையின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "அக்கா, அந்த வெல்வெட்டுல தப்பு உன்னுது இல்ல. என்னுது. தாளை நான் தப்பா வரைஞ்சேன். அன்னைக்கே எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

"நான் போகப் போறேன்னு தெரிஞ்சதும் என் பாரத்தை நீ தூக்கிக்கப் பாக்குறியா? வேண்டாம் தம்பி. அவங்கவங்க தப்பை அவங்கவங்கதான் சுமக்கணும்."

"இல்லக்கா, நிஜமா."

"நீ பொய் சொல்ல மாட்ட, தெரியும். ஆனா பாசத்துல சொல்ற. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் எத்தனை சொல்லியும் அத்தை நம்பவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிடும் தம்பி. போர்வைக்கும் பேனாவுக்கும் மன்னிப்புக் கேட்கிறவன் இவ்வளவு பெரியதைப் பத்தொன்பது வருடம் மறைத்திருப்பான் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை. மாமாவின் நல்ல பேர் அந்த அறையில் சுவர் மாதிரி குறுக்கே நின்றது. தான் குற்றவாளி என்று நிரூபிக்க அந்த மனிதர் கெஞ்சிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பிறகு மாமா எழுந்தார். என்னைக் கடைக்கு அனுப்பி அரை மீட்டர் வெல்வெட் வாங்கி வரச் சொன்னார். அரக்கு கிடைக்கவில்லை, பச்சைதான் கிடைத்தது. மேசையைக் கட்டிலருகே இழுத்து, துணியை இரண்டாக வெட்டி, முடி ஒரே பக்கம் பார்க்க இரண்டு அடுக்காக விரித்தார். தாளில் பொம்மைக்குப் போடுகிற அளவில் கோட்டின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வரைந்தார். இடப்பக்கத்தைத் தலைகீழாக வரைந்தார். கத்தரிக்கோலால் வெட்டினார். மேல் அடுக்கின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து அத்தையின் மடியில் வைத்தார். கீழ் அடுக்கின் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"தொட்டுப் பாருக்கா. ரெண்டு அடுக்கும் ஒரே பக்கமாத்தான விரிச்சேன். அப்பவும் இடதும் வலதும் சண்டை போடுது. நீ ஒரு அடுக்கைத் திருப்பி விரிச்சிருந்தா அந்தக் கோட்டு முழுசும் ஒண்ணாத் திரும்பியிருக்கும். ஒரே கோட்டுக்குள்ள ரெண்டு நிறம் வராது. அன்னைக்கு ஒவ்வொரு கோட்டுலயும் ரெண்டு நிறம் இருந்துச்சு. முப்பத்தெட்டுலயும்."

அத்தைக்குக் கண் பார்வை மங்கல். விரலால் தடவினார். இடது துண்டு வழுக்கியது. வலது துண்டு முரண்டு பிடித்தது. அடுத்த அடுக்கைத் தடவினார். மறுபடி முதல் அடுக்கு. பத்தொன்பது வருடம் துணியைத் தொடாத விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு துண்டாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். எங்கள் யாரையும் பார்க்கச் சொல்லிக் கூப்பிடவில்லை.

"அப்போ நான் சரியாத்தான் விரிச்சிருக்கேன்," என்றார்.

"ஆமாக்கா."

"முப்பத்தெட்டு அடுக்கும்."

"முப்பத்தெட்டும்."

கைகளை மடியிலிருந்து எடுத்து முகத்துக்கு அருகில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது என்று சத்தியமாகச் சொல்வேன். வேலை தெரிந்த ஒரு பெண்ணின் சந்தோஷம். அது போனதும் வந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"என் வீட்டுக்காரர் சாகும்போது அவருக்கு ஒரு சட்டை தைச்சுப் போடணும்னு ஆசைப்பட்டேன். கையை நம்பாம விட்டுட்டேன். தையல் மெஷினை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன். ஆண்டவர்கிட்ட மாசா மாசம் சொன்னேன் தம்பி, நான் பாழாக்கினேன், நான் பாழாக்கினேன்னு. நீ முன்னாலதான நின்ன. கேள்வியை வாசிச்சதே நீதான."

மாமா தரையில் தலை முட்டக் குனிந்து, "மன்னிச்சுடுக்கா," என்றார்.

அத்தை வெல்வெட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேசையில் வைத்தார். வெளியே பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சேன்னு சொல்லிடலாம். வாய்ப் பழக்கம், சட்டுன்னு வந்துடும். ஆனா இப்ப சொன்னா அது பொய் தம்பி. உள்ளே இன்னும் வரல. வரட்டும். வந்ததும் சொல்றேன். அது வரைக்கும் நீ வந்துட்டுப் போயிட்டு இரு."

அடுத்த ஆயத்த ஆராதனையில் மாமா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். அத்தையின் வேலை, தாள், தன் மௌனம், இத்தனை வருடம் கொடுத்த சாட்சி, ஒன்றையும் விடவில்லை. கண் கலங்காமல் சொன்னார். முடிந்ததும் இரண்டு பேர் வந்து, "என்ன தாழ்மை மாஸ்டர் உங்களுக்கு," என்று கையைப் பிடித்தார்கள். "தாழ்மை இல்லீங்க. தாமதம்," என்று கையை விடுவித்துக்கொண்டார். மூப்பர் பொறுப்பிலிருந்து விலகினார். தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் எழுதினார். இப்போது அங்கே இருப்பவர்களுக்கு அந்த வெல்வெட்டும் தெரியாது, அத்தையும் தெரியாது. பதில் வரவில்லை.

நானும் அத்தையிடம் போய்ப் பட்டப்பெயர் வைத்ததைச் சொல்லி அழுதேன். "எனக்குத் தெரியும்டி. நல்லாவே நடிப்ப," என்றார். அதற்கு மேல் என்னைத் தண்டிக்கவில்லை. அதுவே போதுமான தண்டனையாக இருந்தது.

அதன்பின் மாமா தினமும் காலையில் அத்தை வீட்டுக்குப் போனார். தண்ணீர் பிடித்து வைப்பார், மருந்து எடுத்துக் கொடுப்பார், துணி துவைப்பார். அத்தை அவரை அதிகாரம் செய்வார். "தலைமை மாஸ்டருக்கு ஒரு போர்வையை நேராப் போடத் தெரியல," என்று வாரிவிடுவார். சில நாள் சிரிப்பார்கள். சில நாள் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்போது மாமா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழையும்போதே அவர் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்று தலையசைப்பார். இப்படியே ஐந்து மாதம். திருவிருந்துக் கிண்ணம் ஐந்து முறை அவரைத் தாண்டிப் போனது. போதகர் வீட்டுக்கு வந்து, "ஆண்டவர் மன்னிச்சாச்சு, நீங்க வாங்க," என்றார். "அவர் மன்னிச்சிட்டார்னுதான் இத்தனை வருஷம் சௌகரியமா இருந்தேன் ஐயா. அக்கா சொல்லட்டும்," என்றார் மாமா.

அத்தையின் கடைசி நாள்களில் ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்தேன். மாமாவுக்குக் காய்ச்சல், வார்டுக்குள் விடவில்லை. ஒரு மதியம் அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உன் மாமனார் எப்படி இருக்கான்?"

"காய்ச்சல் இறங்கிட்டு வருது அத்தை. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"சொல்லிடணும்னுதான் பாக்குறேன். தினமும் உள்ளே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." மூச்சு வாங்கினார். "பாதி வந்துடுச்சு."

அவ்வளவுதான். மறுநாள் காலை அத்தை போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். எல்லோரும் கலைந்த பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். கறுப்புச் சட்டையைக்கூட மாற்றவில்லை. காய்ச்சலில் கன்னம் ஒட்டியிருந்தது.

"அக்கா ஏதாவது சொன்னாளாம்மா?"

இந்த இடத்தில் நான் என்ன செய்ய நினைத்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். முழுசா மன்னிச்சிட்டாங்க மாமா என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்? அத்தை சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. அறுபத்தாறு வயது மனிதர், இரண்டு வார்த்தையில் நிம்மதியாகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்துக்குக் கை நீட்டிவிடுவார். அதைச் சொல்வதுதான் கருணை என்று என் மனம் எனக்கு அழகாக எடுத்துச் சொன்னது. ஆனால் வராததை வந்தது என்று சொல்ல மறுத்துச் செத்துப்போன அந்த மனுஷி என் கண்ணுக்குள் இருந்தார். அவர் பேரில் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"பாதி வந்துடுச்சுன்னு சொன்னாங்க மாமா."

"பாதியா?"

"பாதி."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முழுசா மன்னிச்சிட்டான்னு நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்ம்மா," என்றார். "பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்."

பிறகு, பாதி, பாதி என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டே அவர் அழுதார். நான் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.